விண்ணிலிருந்து வந்த விருந்தாளி: கல்லா, கருவியா?



"வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல் வருகிறது, இது உலக முடிவின் அடையாளம்" என்று 2025-ஆம் ஆண்டின் இறுதியில் கைப்பேசிகளில் வலம்வந்த செய்திகள் பலரைக் கலங்கச் செய்தன. உண்மையில் வந்தது என்ன?

வேறு விண்மீன்களின் பகுதியில் பிறந்து, நமது சூரியனைக் கடந்து, மீண்டும் வெளியேறிவிடும் பொருட்கள் உண்டு. 2025 வரை இத்தகைய மூன்று கண்டறியப்பட்டன. முதலாவது, 2017-இல் ஹவாயிலிருந்து காணப்பட்ட ஓமுவாமுவா. அதில் வால் தென்படவில்லை. ஆயினும், சூரியனின் ஈர்ப்பினால் மட்டும் விளக்க முடியாதபடி அதன் வேகம் சற்று மாறியது. எனவே அது வேற்று அறிவுயிர்கள் செய்த மெல்லிய பாய்மரமாக இருக்கலாம் என்றார் ஹார்வர்டு பேராசிரியர் அவி லோப். பனியில் சிக்கியிருந்த ஹைட்ரஜன் வாயு வெளியேறியதே காரணமாகலாம் என்று 2023-இல் வேறு அறிஞர்கள் விளக்கினர். இரண்டாவதான போரிசோவ் (2019), ஐயத்திற்கு இடமின்றி வால் நட்சத்திரமே.

மூன்றாவதான 3ஐ/அட்லஸ், 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியில் தென்பட்டது. இதுவும் கருவியாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. நமது அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தினர், மவுண்ட் அபுவிலுள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியால் நவம்பரில் அதை ஆராய்ந்தனர். நம் சூரியக் குடும்பத்து வால் நட்சத்திரங்களில் காணப்படும் வாயுக்களே அதிலும் இருந்தன. டிசம்பர் 19 அன்று பூமிக்கு மிக அருகில் வந்தபோதும் அது ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

குன்றத்தூரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கு இம்முறை நன்கு தெரியும். ஓர் உதிரிபாகம் பார்வைக்கு வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கேஜ் வைத்து அளந்த பிறகே ஏற்கிறார்கள், அல்லது ஒதுக்குகிறார்கள். அனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதும் இதைத்தானே! சோதித்துப் பாராத செய்தியைப் பிறருக்கு அனுப்பி அச்சத்தைப் பரப்புவது, உண்மைக்கும் பிறரன்புக்கும் எதிரானது.

அப்படியானால், வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் இருந்தால் நம் விசுவாசம் ஆட்டம் காணுமா? இல்லை. வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் அன்றைய இயக்குநர், இயேசு சபை அருட்தந்தை ஹோசே காபிரியேல் ஃபூனஸ், 2008-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பதிலளித்தார். இறைவனின் படைக்கும் ஆற்றலுக்கு நாம் எல்லை வகுக்க முடியாது என்றும், அத்தகையோரையும் சகோதரராகவே கருதலாம் என்றும் அவர் கூறினார். அந்த ஆய்வகத்தின் இயக்குநராக 2025 செப்டம்பரில் பொறுப்பேற்றவர் நம் இந்திய நாட்டு இயேசு சபைக் குரு ரிச்சர்டு டிசூசா என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

வானத்தில் அடையாளம் கேட்டவர்களிடம், காலத்தின் அறிகுறிகளை அறிய முடியவில்லையா என்று கேட்டார் இயேசு. இதுவரை விண்ணிலிருந்து வந்தவை கல்லும் பனியுமாகவே தெரிகின்றன. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சகோதரர் நம் தெருவிலேயே வாடகை அறையில் தங்கியிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியுமா? தொலைவிலுள்ள அந்நியரைப் பற்றி வியக்கும் நாம், அருகிலுள்ள அந்நியரை வரவேற்க இறைவனிடம் வரம் கேட்போம்.