எழுதப் பழகுவோம் – 12: ஓரத்தில் ஒரு கேள்வி

“திருத்தி எழுதிக்கொண்டு வா” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஆசிரியர் சுழித்த ஒற்றுப்பிழையைச் சரிசெய்து, அழகான கையெழுத்தில் மறுபடி எழுதி வருகிறார்கள். கட்டுரை அப்படியேதான் இருக்கிறது. திருத்தம் என்றால் அவ்வளவுதான் என்று நாம்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறோம்.

திருத்தத்துக்கு ஒரு நல்ல உரைகல் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்தே கிடைத்திருக்கிறது. காயாமொழியில் 1905-இல் பிறந்த சி. பா. ஆதித்தனார், பாரிஸ்டர் படித்து சிங்கப்பூரில் வக்கீலாக இருந்தவர். 1942-இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் வாசகராக மதித்தார். அவருடைய ‘இதழாளர் கையேடு’ வலியுறுத்துவது, மக்கள் பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுதுவதை. வகுப்பில் இதைச் சோதிக்க, எழுதியவரே வாய்விட்டு வாசித்தால் போதும். வாக்கியம் நீண்ட இடத்தில் மூச்சு முட்டும். வீட்டில் யாரும் பேசாத ‘திகழ்கிறது’ வந்தால் நாக்கு தயங்கும்.

ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் வெட்டித் திருத்துபவர் உதவி ஆசிரியர். வகுப்பில் அந்தப் பேனா மாணவர் கையில் இருக்க வேண்டும்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு பற்றி ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: “நாழிக்கிணறு மிகவும் புகழ்பெற்ற தீர்த்தமாகத் திகழ்கிறது. பக்தர்கள் கடலில் நீராடிய பின் இங்கு நீராடுகிறார்கள்.” பிழை ஒன்றும் இல்லை. அவளும் அதில் இல்லை. ஓரத்தில் ஆசிரியர் எழுதுகிறார்: ‘நீ குளித்திருக்கிறாயா?’

மறு வரைவு இப்படி வரலாம்: “கடல் உப்பு கண்ணில் எரிந்தது. ஆச்சி கையைப் பிடித்துப் படியிறங்கினேன். தலையில் ஊற்றிய தண்ணீர் வாய்க்குள் போனது. கரிக்கவே இல்லை. கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, எப்படி ஆச்சி என்று கேட்டேன்.”

எனக்கு இதில் பெரிதாகப் படுவது கடைசி வரி. முதல் வரைவு எழுதும்போது அந்தக் கேள்வி அவளிடமே இல்லை. திரும்ப எழுதப்போய்த்தான் பிறந்தது. இனி அவளாகவே விசாரிப்பாள். முருகன் வேலால் உண்டாக்கிய ஊற்று என்று ஆச்சி சொல்வாள். கடலோர மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி குறைவு என்பதால், அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே தங்கும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்வார். இரண்டையும் எங்கே வைப்பது, எதை முதலில் சொல்வது என்று அவள் யோசிக்கத் தொடங்கும்போது மூன்றாவது வரைவு வந்துவிடும். ஒற்றுப்பிழைகளை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்பது நோட்டு திருத்துகிற ஆசிரியருக்கு இதற்கு நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. நோட்டுக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். பிழைகளை வட்டமிடுவதைவிட அதற்கு நேரம் குறைவாகவே பிடிக்கும். முதல் வரைவுக்கு மதிப்பெண் வேண்டாம். இரண்டு வரைவுகளையும் சேர்த்துத் தைத்து வாங்கி, இடையில் நடந்த மாற்றத்துக்கு மதிப்பெண் போடுங்கள். வெறும் நகல் எடுத்து வந்தவரை அது தானாகக் காட்டிக்கொடுக்கும்.

பிள்ளைகளே ஒருவர் வரைவை ஒருவர் படித்துக் கேள்வி கேட்பது பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)