பீரோ ஏன் நடுத்தெருவில் இறங்கியது?

போன வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டி வந்தது. எதிர்வீட்டுக்கு வாஷிங் மெஷின். பின்கதவைத் திறந்தால், மெஷினை மறித்துக்கொண்டு ஒரு ஸ்டீல் பீரோ. லோடுமேன் இருவர் பீரோவைத் தெருவில் இறக்கி, மெஷினைக் கொடுத்துவிட்டு, பீரோவை மறுபடி தம் கட்டி ஏற்றினார்கள். அது இரண்டு தெரு தள்ளி இறங்க வேண்டியது. மூத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார். “ரூட்டு போன்ல வந்துச்சு சார். குடோன்ல ஏத்துறப்ப அதை யாரும் காட்டலை” என்றார்.

வழி ஒரு கணக்கு, அடுக்குவது வேறு கணக்கு என்று பிரித்ததன் விளைவு இது. 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் லாரி வழிக் கணக்கைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டது பெட்ரோல் ஏற்றிப்போகும் வண்டியை. பெட்ரோல் பெட்ரோலை மறிக்காது. கொள்ளளவு தாண்டாமல் இருந்தால் போதும். பீரோ அப்படியா?

2006-இல் ஜென்ட்ரோ, இயோரி, லபோர்ட், மார்த்தெல்லோ நால்வரும் வழியையும் நீள அகல உயரமுள்ள சரக்கையும் ஒரே கணக்கில் கட்டினார்கள். உடையும் பெட்டிமேல் உடையாதது ஏறக்கூடாது. ஒரு பெட்டியின் அடிப்பரப்பில் குறைந்தது 75 சதவீதத்துக்குத் தாங்கல் வேண்டும். இப்போது இறங்குவதை, பிறகு இறங்குவது மறிக்கக்கூடாது. பழகிய லோடுமேன் கண்ணாலேயே பார்த்துவிடும் விஷயங்கள்தான் இவை.

15 வீடுகள் என்றால் போகும் வரிசைகளே 1.3 லட்சம் கோடி. ஒவ்வொன்றையும் சோதிக்க முடியாது என்பதால், ஓரளவு நல்ல விடையைத் தேடிப்பிடிக்கும் ஹியூரிஸ்டிக் முறைகள். ஒரு வீட்டை வேறு வண்டிக்கு மாற்று; அடுக்கிப் பார்; சரக்கு வண்டி நீளத்தைத் தாண்டினால் தூக்கி எறியாமல் அபராதம் போட்டு மேலே தேடு; இப்போது மாற்றியதைச் சில சுற்றுகளுக்குத் திருப்பாதே. டாபு தேடல் என்பது இதுதான்.

என் கவலை, இறங்குவதை மறிக்கக்கூடாது என்ற அந்த மூன்றாவது விதியைப் பற்றியது. அதைக் கழற்றிவிட்டால் கிலோமீட்டர் குறைகிறது. டீசல் மிச்சம் என்பார்கள், மிச்சம்தான். ஆனால் பீரோவை இறக்கி ஏற்றிய இடுப்பு எந்த வரியில் செலவாக எழுதப்படுகிறது? ஒவ்வொரு மறு ஏற்றத்துக்கும் கணக்கில் அபராதம் போடுங்கள். நீளத்துக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. விலையை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

முன்பெல்லாம் லோடுமேன்கள் பெட்டியில் சாக்பீஸால் இறங்கும் நம்பரை எழுதி, கடைசி நம்பரை முதலில் ஏற்றுவார்களாம். “இப்ப ஸ்டிக்கர் ஒட்டி வருது சார். அதுல நம்பர் இல்லை” என்று சொல்லிவிட்டு, அந்த மூத்தவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.