வார்டில் மூத்தவர், டயாலிசிஸ் நிலையத்தில் புதியவர்: துறை மாறும் தாதியருக்குச் சில வார்த்தைகள்

அரசாங்க மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு, வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு மாறினேன். இரவு ஷிப்ட் இல்லை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்பதுதான் காரணம். ஊசி போடுவதில் வார்டில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். புதிய இடத்தில் முதல் வாரமே அந்தப் பெயர் உதவாது என்று தெரிந்துவிட்டது.

நம் வீட்டுப் பெண்கள் பலர் தாதியர் வேலையில் இருக்கிறார்கள். வார்டிலிருந்து டயாலிசிஸ், அறுவைக் கூடம், ஐசியூ என்று மாறுகிறவர்களும் அதிகம். சம்பளம், ஷிப்ட், தூரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போகிறோம். தெரிந்த வேலையில் மூத்தவராக இருந்தவர் தெரியாத வேலையில் சின்னவராக நிற்கும் கூச்சத்துக்கு மட்டும் யாரும் தயாராவதில்லை. தவறுகள் பெரும்பாலும் அந்தக் கூச்சத்தில்தான் நடக்கின்றன.

என்னுடைய தவறும் அப்படித்தான். டயாலிசிஸ் செய்பவரின் கையில் அறுவை சிகிச்சை மூலம் தமனியையும் சிரையையும் இணைத்திருப்பார்கள். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். இணைத்த பிறகு அது தடித்து வலுவாகப் பல வாரங்கள் ஆகும். விரல் வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு, ஸ்டெதஸ்கோப் வைத்தால் 'விர்' என்ற ஓசை இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அடைப்பு ஏற்பட்டிருக்கலாம். ஊசியைத் தொடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது என்பது வார்டிலேயே எனக்குத் தெரியும். ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது இங்கே வந்துதான் புரிந்தது. அந்த இணைப்பு போனால் அவருக்கு வேறு இடம் தேட வேண்டும். உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இல்லை.

மூன்றாவது வாரத்தில், மூத்த தாதி வேறு நாற்காலியில் இருந்தபோது, "நான் போடட்டுமா?" என்று கேட்காமலேயே ஊசியை எடுத்தேன். வார்டில் நாம் போடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அல்ல இது. தடித்த எஃகு ஊசி, அதுவும் இரண்டு. ஊசி சுவரின் மறுபக்கத்தைத் துளைத்துவிட்டது. சில நிமிடங்களில் கை வீங்கியது. அன்று அந்த ஐயாவுக்கு டயாலிசிஸ் தாமதமானது, கை நீலம் பாரித்தது. திட்டு வாங்கியதைவிட, அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

அடுத்த முறை வந்தபோது அவரே பேசினார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "மிஸ்ஸி, கத்தி ஆழமா போனா மரம் காயப்பட்டுரும்மா. அந்த இடம் முண்டு விழுந்துரும், அப்புறம் அங்க வெட்ட முடியாது. புதுசா வந்தவங்களுக்கு முதல்ல மரத்தைத் தொட்டுப் பாக்கத்தான் சொல்லிக் குடுப்போம்" என்றார். ஃபிஸ்டுலாவும் அப்படித்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே சுவர் மெலிந்து புடைக்கும். அதனால்தான் இடத்தை மாற்றி மாற்றிக் குத்துகிறோம். அதன் பிறகு இரண்டு வாரம் நான் ஊசியே எடுக்கவில்லை. ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்த்து, ஆழத்தையும் போகும் திசையையும் ஒரு சிறு நோட்டில் வரைந்து வைத்தேன். இன்னும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

புதிதாகக் கற்பதைவிடப் பழையதை மறப்பது கடினம். வார்டில் "தண்ணீர் நிறையக் குடிங்க, இளநீர் நல்லது" என்று சொல்லியே பழகிய வாய் இது. இங்கே பலருக்குச் சிறுநீரே வராது. குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழம் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மூளை வரை பாதிக்கும். சர்க்கரை இறங்கினால் ஆரஞ்சுச் சாறு கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. இங்கே குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர்தான். பிரஷர் இறங்கினால் வார்டில் சலைன் பாட்டிலைத் தேடுவோம். இங்கே முதலில் இயந்திரம் நீர் எடுப்பதை நிறுத்தி, நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துகிறோம். சலைன் கொடுத்தாலும் சிறிதளவுதான்.

எடைக்கருவி இங்கே ஸ்டெதஸ்கோப் அளவுக்கு முக்கியம். இரண்டரை கிலோ கூடியிருந்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்கு. அதை 4 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தசைப்பிடிப்பு, மயக்கம். தீபாவளிக்கு மறுநாள் வருகிறவர்களின் எடையைப் பார்த்தாலே என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம்!

இயந்திரம் பழகிவிடும். அலாரம் அடித்தால் முதலில் நோயாளியின் முகத்தையும் ஊசியையும் பார், பிறகு திரையைப் பார் என்று மூத்தவர் சொன்னது போதும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. ஒரு டயாலிசிஸுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓடுகிறது. குழாய்நீரில் கலந்திருக்கும் குளோரின் வகைப் பொருள்கள் நீங்காமல் வந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். காலையில் நீர்ச் சோதனை முடியாமல் எந்த நாற்காலியும் தொடங்கக் கூடாது.

வேலை கேட்டுப் போகும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எத்தனை வாரம் மேற்பார்வையில் இருப்பேன்? ஊசி போட எப்போது, யார் அனுமதிப்பார்கள்? போஸ்ட் பேசிக் பயிற்சிக்கு அனுப்புவார்களா? ஆள் பற்றாக்குறை என்று முதல் வாரமே நான்கு நாற்காலிகளைக் கொடுத்தால், "எனக்கு இன்னும் பழக்கமில்லை" என்று சொல்வது தாதியின் தொழில் நெறி. அதில் அவமானம் ஏதுமில்லை. 20 வயதுப் பெண் சொல்லிக் கொடுத்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கையைத் தட்டிவிடுவார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் உண்டு. வார்டில் நோயாளி நான்கைந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இங்கே வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு 156 முறை அதே முகம். பேரப்பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வு முடிவுகூட நமக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தால், வெறும் கோப்பை மூடி வைப்பதுபோல் மூட முடிவதில்லை. முதல் முறை நான் நீர்ச் சுத்திகரிப்பு அறையில் போய் நின்றுகொண்டேன். உடன் வேலை செய்பவர்களிடம் பேசுங்கள். அவர்களும் அந்த அறையில் நின்றவர்கள்தான்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ டயாலிசிஸ் செய்யும் இடத்தில் புதிய மிஸ்ஸி வந்திருந்தால், "இன்னைக்கு சீனியர் ஊசி போடட்டும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க" என்று தாராளமாகச் சொல்லலாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.