ஸ்லோ டவுன்!

தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் இந்த 'டவுன்' சற்றுக் குழப்பம்தான் செய்கிறது. ஏதோ தூங்கி வழிகிற ஊர் என்று தோன்றும். ஓசூரைப் போய் யாராவது அப்படிச் சொல்ல முடியுமா? லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்து குவிக்கிற ஊராயிற்றே அது!

நாம் பேச வந்தது ஊரைப் பற்றியல்ல, வேகத்தைப் பற்றி. 'ஸ்லோ டவுன்' என்றால் ஓடுகிற வேகத்தைக் குறை என்று அர்த்தம். நில் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 'டவுன்' என்பதால் யாரும் கீழே இறங்கவும் வேண்டாம். இறங்க வேண்டியது வேகம் காட்டும் முள் மட்டுமே. இதைவிட வேடிக்கை, 'ஸ்லோ அப்' என்றாலும் ஆங்கிலத்தில் இதே அர்த்தம்தான்!

படபடவென்று பொரிந்து தள்ளும் பெண்ணிடம் 'ஸ்லோ டவுன்' என்றால், மெள்ளப் பேசம்மா என்று பொருள். மாமனாரிடம் டாக்டர் சொன்னால், அலைச்சலைக் குறையுங்கள் என்று பொருள். 'அதன் வேகத்தைக் குறை' என்பதற்கு 'ஸ்லோ இட் டவுன்' என்றே சொல்ல வேண்டும். 'இட்' நடுவில்தான் வரும்; கடைசியில் வைத்தால் பிழை.

இரண்டு சொல்லையும் ஒட்டி 'ஸ்லோடவுன்' என்று எழுதினாலோ, சங்கதியே வேறு. அது வியாபார மந்தம். 2019-ல் நாடெங்கும் வாகன விற்பனை படுத்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் அசோக் லேலண்ட் கம்பெனி, ஓசூர் ஆலைகளில் 5 நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தது. எண்ணூர் ஆலையில் 16 நாட்கள்! தொழிற்சாலையில் சக்கரம் மெதுவானால் மளிகைக் கடைக் கணக்கும், பள்ளிக்கூடச் சம்பளமும் அதற்காக மெதுவாகி விடுகின்றனவா, என்ன? வேகத்தை நாமாகக் குறைத்தால் பாதுகாப்பு. நம்மைக் கேளாமல் அது குறைந்தால் கவலை.

இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் அழகான வார்த்தைகள் உண்டு. தானாக வந்து சேருவது மந்தம். நாமாகக் கைக்கொள்வது நிதானம். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தாலும் 'நிதான' என்ற சொல் கூடவே வருகிறது. கன்னடத்தில் அதற்கு 'மெதுவாக' என்றே பொருள். ஓசூர்த் தெருவில் கேட்கும் தெலுங்கிலும் அது உண்டு.

ஆகையால், மகன் மோட்டார் சைக்கிளில் ஏறும்போது ஆங்கிலத்தைத் தேட வேண்டியதில்லை. "நிதானமாகப் போ, அப்பா!" என்றால் எல்லையின் இரு பக்கமும் விளங்கிவிடும்.