உங்கள் போர் தண்ணீர் ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கிறதா? - கடல் ஆய்வு சொல்லும் பாடம்!

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் நினைவுக்கு வருவது, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை. தோட்டத்துக்குப் பாய்வதும், பல தோட்டத்து வீடுகளில் குடிப்பதும் ஒரே போர் தண்ணீர்தான். பரிசோதனை ரிப்போர்ட்டில் பி.ஹெச் 8.4 என்றிருந்தால், 'பரவாயில்லை' என்று மடித்து வைத்துவிடுவோம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த எல்லை 6.5 முதல் 8.5 வரைதானே!

ஆனால், அந்த 8.4 எவ்வளவு உறுதியானது? அளவீட்டில் 0.2 முன்பின் இருக்கலாம் என்றால், உண்மையான மதிப்பு 8.2 ஆகவும் இருக்கலாம். எல்லை தாண்டி 8.6 ஆகவும் இருக்கலாம். இந்த 'முன்பின்'னுக்குப் பெயர் அளவீட்டு நிச்சயமின்மை. இதில் ரொம்பவே கறாராக இருப்பவர்கள் கடல் வேதியியல் ஆய்வாளர்கள்.

கடலில் ஏன் இவ்வளவு கறார்?

நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல் மேற்பரப்பு நீரின் பி.ஹெச், தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. இது தொடர்ந்தால் பவளப்பாறைகளும் சிப்பிகளும் கூடு கட்டவே சிரமப்படும். ஹவாய் அருகே 1988 முதல் நடக்கும் ஆய்வில் தெரிந்த சரிவு, ஆண்டுக்குச் சுமார் 0.002 மட்டுமே. கருவி 0.02 பிசகினால், பத்து ஆண்டு மாற்றமும் அதிலேயே மறைந்துபோகும்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பிசகு நுழையும் வழிகளை முதலில் பட்டியலிடுவார்கள். பாட்டிலிலிருந்து வாயு வெளியேறலாம். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே கடல்நீரின் பி.ஹெச் சுமார் 0.015 மாறும், மீட்டரைச் சரிபார்க்கும் கரைசலே கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பார்கள். ஒன்றையொன்று சாராத 0.03, 0.04 என்ற இரு பிசகுகள் சேர்ந்தால் மொத்தம் 0.07 அல்ல, 0.05.

பலமுறை அளந்து சராசரி எடுத்தால் போதாதா? போதாது. தராசே கோணல் என்றால், நூறு முறை நிறுத்தாலும் எடை தப்பாகத்தான் வரும். அதற்காகவே அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ டிக்சன் குழுவினர், கரைந்த கார்பன் அளவும் காரத்தன்மையும் உறுதிசெய்யப்பட்ட கடல்நீரை பாட்டிலில் அடைத்து உலக ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். தங்கள் கருவியும் அதே மதிப்பைக் காட்டுகிறதா என்று ஆய்வகங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாம் என்ன செய்யலாம்?

மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடங்கள் ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நிலத்தடி நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பி.ஹெச் ஏறிவிடும். ஒரே தண்ணீரை இரண்டு பாட்டில்களில் கொடுத்தால், இரண்டு முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது தெரியும்.

என்.ஏ.பி.எல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் நிச்சயமின்மையை மதிப்பிட வேண்டும் என்பது விதி. எனவே, 'முன்பின் எவ்வளவு?' என்று தயங்காமல் கேளுங்கள். முக்கியமாக ஃப்ளூரைடு விஷயத்தில்! வேறு நீராதாரம் இல்லாதபோது அதற்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ரிப்போர்ட்டில் 1.4 என்று இருந்தால், குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.