வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேண்டுமா?

திருட்டுச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும் குடும்பஸ்தருக்கு, "ஆபத்துக் காலத்துக்கென்று ஒரு துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன?" என்று தோன்றுவது இயற்கையே. அமெரிக்க தேசத்தில் புயல், வெள்ளம், கலகம் ஆகியவற்றை உத்தேசித்து, உணவுப் பண்டங்களோடு ரைபிளும் வாங்கி வைப்போர் பலர் உண்டு. எந்த ரைபிள் உத்தமமானது என்பதுதான் அங்கே கேள்வி. அதே கேள்வியைத் திருச்சி புத்தூரில் வசிக்கும் ஒருவர் கேட்டால் என்ன விடை கிடைக்கும்?

ரைபிளுக்குத் திருச்சியில் பஞ்சமில்லை. நகரை அடுத்த நவல்பட்டில் 1966-ம் ஆண்டு முதல் சர்க்கார் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்து வருகிறது. திருச்சியின் பெயரையே தாங்கிய தாக்குதல் ரைபிள் ஒன்றும் அங்கே உற்பத்தியாகிறது. ஆனால் அது படையினருக்கும் போலீஸாருக்கும் உரியது; இல்லறத்தாருக்கு அன்று.

ஒரு தோட்டா வெடித்தவுடன் அடுத்த தோட்டா தானாகவே குழலில் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால் போதும். இவ்வகைப் பாதித் தானியங்கி ரைபிளைத்தான் அமெரிக்கர் பலர் விரும்புகின்றனர். நம் நாட்டிலோ, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு விதிகளும் பொதுவாக இதைத் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. மத்திய சர்க்காரின் தனி அனுமதியின்றி அதை வைத்திருப்பது குற்றம்.

அப்படியானால் சட்டம் நமக்கு எதைத்தான் அனுமதிக்கிறது? தற்காப்புக்கென்று சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியை. பயிரைக் காக்க, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. வேறு வகை வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். விண்ணப்பித்தவரைப் பற்றிப் போலீஸார் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து ஆண்டு. கொண்டாட்டத்தில் அஜாக்கிரதையாகச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து விளைத்தால் சிறைவாசமும் நேரலாம்.

இந்தக் கட்டுப்பாடு தேச பக்தர்களின் மனத்தை ஒரு காலத்தில் புண்படுத்தியது உண்மை. 1878-ல் லிட்டன் பிரபு கொண்டு வந்த சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கிற்று. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்களித்தது. அந்த அவமானத்தை மறவாமல்தான், ஒழுங்கு விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931-ம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் தீர்மானம் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமைக்காக வாதாடினார்; சபை அதை ஏற்கவில்லை. நிற பேதம் ஒழிந்தது, லைசென்ஸ் நிலைத்தது.

உரிமை ஒருபுறமிருக்க, உபயோகத்தைப் பார்ப்போம். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்தால், நள்ளிரவில் வந்த திருடன் நாம் சாவியைத் தேடும்வரை காத்திருப்பானா? பூட்டாமல் தலைமாட்டில் வைத்தாலோ, அதை முதலில் எடுப்பது வீட்டுக் குழந்தையாகவே இருக்கலாம். ரைபிள் குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாயக்கூடியது. சுவரும் சுவரும் ஒட்டிய தெருக்களில் குறி தவறிய குண்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் இரையாகலாம். தற்காப்புரிமையைச் சட்டம் அங்கீகரிக்கிறது; ஆயினும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு விளைவிக்கக்கூடாது என்றும் எல்லை கட்டியிருக்கிறது. இருட்டில், பதற்றத்தில், அந்த எல்லையை அளந்து சுட யாரால் முடியும்? தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் உண்டு.

புத்தூர்வாசிகளின் ஞாபகத்தில் உள்ள பேராபத்து வேறு வகையானது. உய்யக்கொண்டானும் கோரையாறும் குடமுருட்டியும் பெருகினால் என்ன ஆகும் என்பதை 1977 நவம்பரிலும் 2005-லும் திருச்சி மக்கள் கண்ணாரக் கண்டார்கள். துப்பாக்கி கொண்டு வெள்ளத்தைத் தடுக்க முடியுமா? அந்த வேளையில் உதவுபவை, மூடி வைத்த குடிநீர், சில நாளைக்கான உணவு, மருந்துகள், மின்விளக்கு, நீர் புகாத உறையில் பத்திரங்கள், ஏறி நிற்க ஒரு மாடி. 112, 108 என்ற எண்களைக் குழந்தைகளுக்கும் கற்பித்து வையுங்கள். தனியே வாழும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்து வையுங்கள்.

திருட்டுப் பயத்துக்கு உறுதியான தாழ்ப்பாளும், தெருவில் நல்ல விளக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் அயலாரும் இருக்கட்டும். இவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னும் துப்பாக்கி தேவை என்று தோன்றுகிறவர், விலைப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன், அதைப் பூட்டி வைக்கத் தக்க இடம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று மனைவி மக்களோடு கலந்து பேசட்டும். அந்த இடம் அகப்படாத வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.