மூச்சின் தூரம் – 9: ஆறு நிமிட நடை

மூச்சு வாங்குமே என்று நடையைக் குறைக்க, தொடைத் தசை மெலிய, மெலிந்த தசை சீக்கிரம் களைத்து மேலும் மூச்சு வாங்க வைக்கும் சுழலைப் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் மாற்றுத்திறனாளி சான்றிதழ். அதற்கு முன் ஒரு தூரக் கணக்கு. அது என்னை விட மாட்டேன் என்கிறது.

சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர். நுரையீரல் மருத்துவத்தில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. ஆரோக்கியமான பெரியவர்கள் அதில் பெரும்பாலும் 400 முதல் 700 மீட்டர் வரை நடந்துவிடுகிறார்கள். அப்படியென்றால் நம் பாலமே ஒரு முழுச் சோதனை!

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 30 மீட்டர் தாழ்வாரம், இரண்டு முனையிலும் அடையாளம், ஒரு கடிகாரம், விரலில் ஆக்சிமீட்டர். போய்த் திரும்பி நடக்க வேண்டும்; ஓடக் கூடாது. மூச்சு முட்டினால் நிற்கலாம், சுவரில் சாயலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

இந்தச் சோதனையின் தொடக்கம் ஓட்டம் என்பதுதான் வியப்பு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், திடமான இளைஞர்களை 12 நிமிடம் ஓடவிட்டு அளந்ததை 1968இல் வெளியிட்டார். 1976இல் மெக்கவின் குழுவினர் அதை நாள்பட்ட மார்புச்சளி நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாக்கினார்கள். மூச்சுக்குத் தவிப்பவருக்கு 12 நிமிடம் கொடுமை. ஆறே போதும் என்று 1982இல் பட்லாண்ட் குழு காட்டியது.

2004இல் வந்த 'போட்' குறியீடு, சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியின் நடைதூரத்தை உடல் நிறைக் குறியீடு, காற்றடைப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றோடு சேர்த்து உயிராபத்தைக் கணிக்கிறது. ஆறு நிமிடத்தில் 350 மீட்டர் நடந்தால் நடைக் கணக்கில் பிரச்னை இல்லை. 149ஐத் தாண்டாவிட்டால் மிக மோசமான நிலை. மாம்பலம் முனையில் கிளம்பினால் 149 மீட்டர் என்பது பாலத்தில் கால்வாசியைச் சற்றே தாண்டிய இடம். ரங்கநாதன் தெருவில் வாங்கிய பைகள் கையில் இருந்தால் இன்னும் சிரமம்: மூச்சிழுக்க உதவும் தோள், கழுத்துத் தசைகள்தாம் அந்தச் சுமையையும் தாங்குகின்றன.

பாலத்தின் லிப்ட்டும் நகரும் படிக்கட்டும் ஏற்றத்தைத்தான் தீர்க்கும். சமதளத்தில்கூட 100 கஜம் நடந்ததும் மூச்சுக்காக நிற்பவர்கள் மூச்சிரைப்பு அளவுகோலில் தனிப் படிநிலையாகவே இருக்கிறார்கள். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டது இவர்களுக்குப் பெரிய உதவி. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அடையாறிலும் 100 மீட்டருக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை. கைப்பிடிச் சுவர் இருந்தாலும் சாய்ந்து நிற்கலாம்.

சான்றிதழுக்கு இடம் போதவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உண்டு. நாள்பட்ட நுரையீரல் நோய் தனி வகையாக இல்லை. 149 மீட்டரில் நின்றுவிடுபவர் அந்தப் பட்டியலின் எந்தக் கதவைத் தட்டுவது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)